எள்ளலும் எதிர்வினையும்: இலக்கியச் சான்றுகள் வழியான ஒரு நோக்கு

ஒருவரைச் சொல்லால் புண்படுத்துவதற்கு வசைமொழி இன்றியமையாததன்று. வசை வெளிப்படையானது, சொன்னவர் தாம் சொன்னதற்குப் பொறுப்பேற்றே ஆகவேண்டும். குத்தலாகச் சொல்லப்படும் ஏளனச் சொல்லின் இயல்பு வேறு. அது புகழ்ச்சியின் உருவிலோ, அக்கறையின் உருவிலோ, வெறும் பகிடியின் உருவிலோ வந்து சேர்கின்றது. கேட்டவர் சினந்தால், பகிடிக்குச் சொன்னதை விளங்கிக்கொள்ளாத பேதை என்ற இரண்டாவது ஏளனத்திற்கு ஆளாகின்றார். சினவாதிருந்தால் முதல் ஏளனத்தை ஒப்புக்கொண்டவராகின்றார். இவ்வாறு இரு வாயிலும் அடைபட்ட நிலையில் எள்ளப்பட்டவர் என் செய்வார், என் செய்யலாம் என்பது வெறும் உளவியல் வினா அன்று. அது சமூக உறவு பற்றிய வினாவுமாகும். தமிழிலக்கியம் இவ்வினாவை நெடுங்காலமாகவே எதிர்நோக்கி வந்துள்ளது. அதன் விடைகள் சிலவற்றை ஒப்புநோக்கி மதிப்பிடுவதே ஈண்டு மேற்கொள்ளப்படுவது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்வாய்வுக்கு உகந்த தொடக்கமாகும். நகை பிறப்பதற்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுக்கின்றார். அழுகைக்குரிய நான்கோ இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இளிவு என்பதற்குப் பிறரால் இகழப்பட்டு எளியராதல் என்று உரையாசிரியர் பொருள் கொள்வர். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. சொல்வோன் பக்கத்தில் எள்ளலாக நின்று நகையை விளைவிக்கும் அதே செயல், கேட்போன் பக்கத்தில் இளிவாக நின்று அழுகையை விளைவிக்கின்றது. செயல் ஒன்று, மெய்ப்பாடு இரண்டு. எந்த மெய்ப்பாடு எவருக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது அவ்விருவரும் நிற்கும் இடமேயாகும்.

வெகுளிக்குரிய நான்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. அலை என்பதனுள் வைதலையும் புடைத்தலையும் உரைமரபு அடக்கும். அஃதாவது வெளிப்படையான வசைக்கு வெகுளி இயல்பான எதிர்வினையாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. இகழ்ச்சிக்கோ அழுகையே வகுக்கப்பட்டுள்ளது. வசைக்குச் சினக்கலாம், ஏளனத்துக்கு உள்ளுக்குள் அழத்தான் வேண்டும் என்ற உலகியலை இலக்கணம் செம்மையாகவே கண்டுள்ளது எனலாம். ஆயினும் பேராசிரியர் தம் உரையில் மற்றொரு வாயிலையும் திறந்து வைக்கின்றார். எள்ளல் என்பதை அவர் இரண்டாகப் பகுக்கின்றார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்டவனும் நகலாம் என்ற இக்குறிப்பு சிறிதாயினும் காத்திரமானது. அந்நகையின் தன்மை யாது, அது எவருக்கு இயலும் என்பன தொடர்ந்து எழும் வினாக்களாகும்.

புறநானூற்றின் 72ஆம் பாட்டு, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம். அவனை இளையன் என்று பகைவேந்தர் இகழ்ந்தனர். தம் யானையும் தேரும் மாவும் உடைமையாற் செருக்கிச் சிறு சொற் சொல்லினர். நகைக்குரிய நான்கனுள் இளமையும் ஒன்றாதலை இங்கு நினைவுகூர்தல் தகும். இலக்கணம் நகைக்கு உரியதெனக் குறித்த ஒன்றையே பகைவர் கைக்கொண்டனர். அதற்கு நெடுஞ்செழியன் நல்கும் மறுமொழியின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. அவன் பகைவரைத் திருப்பி இகழவில்லை. அவர்களை வெல்லாவிடின் தனக்கு நேரவேண்டிய இழிவுகளையே எண்ணி உரைக்கின்றான். தன் குடிகள் தன்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக. மாங்குடி மருதன் தலைவனாக விளங்கும் புலவர் தன் நிலத்தைப் பாடாது நீங்குக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமையைத் தான் எய்துக என்பன அவன் கூறும் சூள்கள்.

இவ்வமைப்பின் பொருள் யாது? ஏளனம் செய்தவரின் அளவுகோலை மன்னன் ஏற்க மறுக்கின்றான் என்பதே. இளமை, படைவலி என்பன பகைவர் தெரிந்த அளவைகள். குடிகளின் மதிப்பு, புலவரின் பாட்டு, ஈகை என்பன அவன் தெரிந்துகொண்ட அளவைகள். பெருமிதத்திற்குரியனவாகத் தொல்காப்பியர் கூறும் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றுள் தறுகண்ணும் இசைமையும் கொடையும் இவ்வொரு பாட்டிலேயே இடம்பெற்றுவிடுகின்றன. இளிவினால் அழுகைக்குச் செல்ல வேண்டிய உள்ளம் பெருமிதத்திற்குத் திரும்புவதை இங்குக் காண்கின்றோம். இதன் முடிவை 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர்கிழார் காட்டுகின்றார். சிறுபருவத்து அணியை இன்னும் களையாத அவ்விளையோன், எதிர்த்து வந்த பகைவரைக் கண்டு வியக்கவும் இல்லை, அவர்களை இழித்துக் கூறவும் இல்லை. வென்றபின் மகிழ்ந்து தருக்கவும் இல்லை என்பது அப்பாட்டின் சாரம். வெற்றியைக் காட்டிலும், எள்ளப்பட்டவன் எள்ளுவோனாக மாறாமையே புலவரின் பாராட்டைப் பெறுகின்றது.

எள்ளல் எப்பொழுதும் வலியோர் கைப்படையாகவே இருப்பதில்லை. 95ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் செல்கின்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகின்றான். இங்குள்ள படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டப்பட்டு நெய் பூசப்பட்டுக் காவலில் உள்ளன. அங்குள்ளனவோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று ஔவையார் பாடுகின்றார். புகழ்வது போல் இகழும் இப்பாட்டு, குத்தலான சொல்லுக்குத் தமிழில் தலைசிறந்த சான்றாகும். கையில் வாளில்லாத ஒருத்தி படைக்கலக் கொட்டிலின் நடுவே நின்று சொன்ன சொல் இது. மேலிருந்து கீழ்நோக்கி வீசப்படும் ஏளனமும் கீழிருந்து மேல்நோக்கி எழும் ஏளனமும் வடிவத்தில் ஒன்றாயினும் பயனில் வேறானவை. முன்னது இருக்கும் ஏற்றத்தாழ்வை உறுதிசெய்கின்றது. பின்னது அதிகாரத்தின் பொய்த்தோற்றத்தைக் களைகின்றது. எள்ளலை ஒழுக்கக் குறைபாடாக மட்டும் கண்டு கண்டிக்கும் அறநோக்கு இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றது.

எள்ளப்பட்டவர் மறுமொழி கூறும் இடத்தில் இல்லாதவராயின் என்ன நேரும்? கம்பராமாயணத்தின் கூனி இதற்கு விடையாகின்றாள். இராமன் இளம்பருவத்தில் தன் வில்லினின்று எய்த மண்ணுருண்டை அவள் கூனிற் பட்டது. அது அவனுக்கு விளையாட்டு. அரண்மனைப் பணிப்பெண் அரசமகனிடம் நியாயம் கேட்க இயலாது. வஞ்சினம் கூற அவளுக்குப் படையில்லை. பாட்டாற் சுட அவளுக்குப் புலமையில்லை. எனவே அச்சிறு நிகழ்ச்சி அவள் உள்ளத்தில் உறைந்து கிடந்து, முடிசூட்டு விழாவின் முன்னாளில் பழியாக வெளிப்படுகின்றது. அயோத்தி முழுவதும் அதற்கு விலை கொடுக்க நேர்கின்றது. கம்பன் கூனியைக் கொடியவளாகவே படைத்துள்ளான் என்பதில் ஐயமில்லை. எனினும் கிட்கிந்தா காண்டத்து அரசியற் படலத்தில் அவன் செய்துள்ள ஒன்று நம் கவனத்திற்குரியது. சுக்கிரீவனுக்கு அரசுமுறை உரைக்கும் இராமன், சிறியர் என்று எவரையும் இகழ்ந்து நோவு செய்யாதிருக்குமாறு கூறி, அந்நெறியை மீறியமையாலேயே தான் கூனியால் துயருற நேர்ந்தது என்று தன்னையே எடுத்துக்காட்டாக்குகின்றான். எள்ளியவன் வாயினின்றே பிறக்கும் இவ்வொப்புதல் தமிழிலக்கியத்தில் அரிதாகக் காணப்படுவது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வொப்புதல் சுக்கிரீவனிடம் கூறப்படுகின்றதேயன்றிக் கூனியிடம் கூறப்படவில்லை.

அறநூல் இதற்கு வகுக்கும் வழி யாது? வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் இகழ்வாரைப் பொறுத்தலைப் போற்றுகின்றார். மானம் என்ற அதிகாரத்தில் இகழ்ச்சியுற்று வாழ்வதினும் வாழாமை நன்று என்னும் கருத்தினராகின்றார். முன்னது அறத்துப்பாலிலும் பின்னது பொருட்பாலிலும் அமைந்தவை. இவற்றை முரண்பாடு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் பொறுத்தல் என்பது ஒறுக்க வல்லவனிடத்தே அறமாகின்றது என்பதை உணர்ந்தால் முரண் நீங்கும். ஒறுக்கும் ஆற்றல் இருந்தும் ஒறுக்காதவனே பொறுத்தவன். ஒறுக்கும் ஆற்றலே மறுக்கப்பட்டவனை நோக்கிப் பொறுமை போதிப்பது அவனைப் பேசாதிருக்கச் செய்யும் உபாயமாகவும் அமையக்கூடும். ‘அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்’ என்று இக்காலத்தில் நடுநிலையாளர் கூறும் அறிவுரை பெரும்பாலும் இவ்வகையினதே.

இதுவரை கண்டவருள் மறுமொழி கூற வல்லவராயிருந்தோர் வேந்தனும் புலவருமே. புறநானூற்றிலேயே வேறொரு மனிதனும் உள்ளான். 82ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவிற்கு உவமையாகக் கட்டில் பின்னும் ஒருவனின் கையிலுள்ள ஊசியைக் கூறுகின்றார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்கு மகப்பேறு, மழையோ பெய்கின்றது, பொழுது சாய்கின்றது. அவன் கை விரைகின்றது. தொழிலாளி ஒருவனின் கைத்திறனையும் மனநெருக்கடியையும் இத்துணை நுணுக்கமாகக் கண்ட புலவர் அவனைச் சுட்டும் சொல் இழிசினன் என்பதாகும். 287ஆம் பாட்டில் பறை கொட்டுவோனும் இச்சொல்லாலேயே விளிக்கப்படுகின்றான். அக்காலத்தில் இச்சொல் எத்துணை இகழ்ச்சி உடையதாயிருந்தது என்பது பற்றி அறிஞர் வேறுபடலாம். ஒன்று மட்டும் தெளிவு. அழைத்தவர் குரல் ஏட்டில் உண்டு. அழைக்கப்பட்டவன் குரல் ஏட்டில் இல்லை.

அக்குரல் ஈழத்து இலக்கியத்தில் ஒலித்த சந்தர்ப்பத்தை நோக்குதல் இங்குப் பொருத்தமாகும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழியாகவும் அதன் சூழலிலும் அதுகாறும் எழுதுகோல் ஏந்தியிராத சமூகப் பிரிவுகளிலிருந்து எழுத்தாளர் மேற்கிளம்பினர். தம் மாந்தரை அவர்கள் பேசும் மொழியிலேயே பேச விட்டனர். 1960களின் முற்பகுதியில் மரபுப் போராட்டம் எனப்படும் விவாதம் மூண்டபொழுது, மரபுவாதிகள் சிலர் இவ்வெழுத்துக்களை இழிசனர் இலக்கியம் என்றனர். இத்தொடர் எள்ளலின் இயல்பு முழுவதையும் கொண்டது. மொழிநடையைத்தான் குறித்தோம், எழுதியவரின் பிறப்பைக் குறிக்கவில்லை என்று சொன்னவர் ஒதுங்கிக்கொள்ள அதில் இடமிருந்தது. கேட்டவருக்கோ அது எங்கே தைக்கின்றது என்பதில் ஐயமே இருக்கவில்லை.

இவ்வேளனத்திற்கு மூவகை எதிர்வினைகள் எழுந்தன. முதலாவது அறிவுநிலை எதிர்வினை. க. கைலாசபதி (1933-1982), கா. சிவத்தம்பி (1932-2011) ஆகியோரின் திறனாய்வு முயற்சிகளை அவ்விவாதச் சூழலிலிருந்து பிரித்தறிய இயலாது. கைலாசபதியின் ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966), ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968), சிவத்தம்பியின் ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ (1967) என்பன இலக்கியத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்கின. மரபு எவருடையது, அதனை வரையறுக்கும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் இவ்வழியிற் கூர்மை பெற்றன. பள்ளுப் பாடல்களிலும் குறவஞ்சிகளிலும் உழைப்போரின் பேச்சு இடம்பெற்றபொழுது அதனை மரபு ஏற்றுக்கொண்டது. அங்கு உழைப்போன் பாடுபொருளாக இருந்தான். நவீன புனைகதையிலோ அவனே ஆசிரியனானான். எதிர்ப்பு மொழிநடைக்கு மட்டுமாயின் பள்ளும் புறக்கணிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது சினநிலை எதிர்வினை. அக்காலத்தே யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற சாகித்திய விழாவொன்றில் முட்டை எறியப்பட்ட நிகழ்ச்சி இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நீண்டகாலம் இகழப்பட்டோரின் வெகுளி அது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் அதன் பயனை மதிப்பிடுமிடத்து, ஒரு மாலைப்பொழுதின் கூட்டத்தைக் குலைத்ததற்கு மேல் அது எதனையும் சாதித்ததாகக் கூற இயலாது. மேலும், எதிர்த்தரப்பினர் தம்மைப் பண்பாட்டின் காவலராகக் காட்டிக்கொள்வதற்கும் அது வாய்ப்பளித்தது. முற்போக்கு அணியினர் தாமும் எள்ளலைக் கையாளாமலில்லை. பண்டிதர் என்ற சொல்லே அவர்தம் வட்டங்களில் நகைப்புக்குரிய சொல்லாயிற்று. ஆழ்ந்த புலமை படைத்தோரும் அச்சொல்லின் கீழ் ஒருங்கே ஒதுக்கப்பட்டனர். இடைக்குன்றூர்கிழார் நெடுஞ்செழியனிடம் கண்டு போற்றிய பண்பு இங்குப் பேணப்படவில்லை.

மூன்றாவது எதிர்வினையே இலக்கிய நோக்கில் முதன்மையானது. அது எள்ளற் சொல்லைத் தமதாக்கிக்கொள்ளல். டொமினிக் ஜீவா (1927-2021) சாதி சுட்டிய ஏளனச் சொற்களைப் பள்ளிப்பருவத்திலேயே கேட்டுக் கல்வியை இடையில் விட்டவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுவர். அவர் தம் தொழிலை மறைக்க முயலவில்லை. யாழ்ப்பாணத்தில் தாம் தொழில் செய்த சலூனையே தம் பல்கலைக்கழகம் எனப் பெருமையுடன் கூறிவந்தார். அவரது முதற் சிறுகதைத் தொகுதியாகிய ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை ஏறத்தாழ நானூறு இதழ்களைக் கண்டது. மல்லிகையின் பக்கங்கள் ஒரு சாதிக்கோ ஓர் அணிக்கோ மட்டும் உரியனவாக இருக்கவில்லை. கல்விமான்களும் அதில் எழுதினர். இழிசனர் இலக்கியம் என்ற சொல்லுக்கு இதைவிட அமைதியான மறுமொழி இருத்தல் அரிது.

கே. டானியல் (இறப்பு 1986) வேறொரு வழியிற் சென்றார். இகழ்ச்சிக்கென்றே வழங்கிய சொல்லொன்றைத் தம் நாவலின் தலைப்பாக முகப்பிற் பொறித்தார். ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. 1966ஆம் ஆண்டின் ஒக்டோபர் எழுச்சியும் அதனைத் தொடர்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் நிகழ்ந்த மண்ணிலிருந்து அந்நாவல் எழுந்தது. பிறர் வாயிலிருக்கும்வரை ஒரு சொல் படைக்கலம். உரியவனே அதனை எடுத்துத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டால், எறிவதற்கு எதிரியிடம் எஞ்சுவது எதுவுமில்லை. எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் என்று பேராசிரியர் கூறியதன் சமூகப் பரிமாணம் இதுவே எனலாம். ஆயினும் இவ்வழியின் எல்லையையும் கூறவேண்டும். சொல்லைக் கைப்பற்றுதல் வேறு. சொல்லுக்குப் பின்னாலுள்ள உறவை மாற்றுதல் வேறு. கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் ஆலய வாயிலிலும் நடந்த போராட்டங்கள் இன்றி நாவல் மட்டும் அதனைச் சாதித்திருக்காது. நாவலின் துணையின்றி அப்போராட்டங்களின் உள்ளத்தை அடுத்த தலைமுறை அறிந்திருக்கவும் முடியாது.

இவ்வாய்வு பழம்பாடல்களோடும் கடந்த நூற்றாண்டின் விவாதங்களோடும் நின்றுவிடத் தக்கதன்று. நம் பல்கலைக்கழகங்களில் வழங்கும் பகிடிவதை என்னும் சொல்லைச் சற்று நோக்குக. பகிடி சொல்வோனுக்குரியது, வதை கேட்போனுக்குரியது. தொல்காப்பியர் இரு வேறு நூற்பாக்களிற் பிரித்து வைத்த எள்ளலையும் இளிவையும் பேச்சுவழக்கு ஒரே சொல்லிற் பிணைத்து வைத்திருக்கின்றது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடலைத் துன்புறுத்துவோனைச் சட்டத்தினாற் பிடிக்கலாம். ஆயின் மட்டக்களப்பு மாணவனின் உச்சரிப்பையும், மலையகத்திலிருந்து வந்த மாணவியின் உறவுமுறைச் சொற்களையும், கிராமத்துப் பாடசாலையிற் பயின்றவனின் ஆங்கிலத்தையும் நோக்கி விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எழும் சிரிப்பைச் சட்டத்தினாற் பிடிப்பது கடினம். தோட்டக்காட்டான் என்ற சொல்லை மலையகத் தமிழர் மீது எறிந்தோருள், தாம் பிறரால் இழிவுபடுத்தப்படுவதாகக் குமுறிய தமிழரும் இருந்தனர் என்பது நம் சமூகத்தின் முகத்தில் நிலைத்துவிட்ட கறையாகும்.

எள்ளப்பட்டவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இலக்கியம் பல வழிகளைக் காட்டுகின்றது. அளவுகோலை மாற்றுவது ஒரு வழி. நுண்மையான மறுமொழி ஒரு வழி. சொல்லையே தமதாக்குவது ஒரு வழி. இவையாவும் ஆற்றலோ புலமையோ தோழமையோ உடையார்க்கே இயன்றன. அவை ஒன்றும் இல்லாதவளாய்த் தனித்து நின்றவள் கூனி. ஆகவே எள்ளப்பட்டவரின் மனவலிமையை மட்டும் எதிர்பார்த்திருக்கும் சமூகம் தன் கடமையிலிருந்து தப்பிக்கொள்கின்றது. எள்ளலுக்குச் சொல்வோன், கேட்போன் என்னும் இருவர் மட்டும் போதார். உடனிருந்து சிரிப்போரும் வேண்டும். அம்மூன்றாமவர் சிரிக்க மறுக்குமிடத்து எள்ளல் நகையாவதில்லை. இராமன் தன் தவற்றை உணர்ந்தது காலங்கடந்து, காட்டிலே, வேறொருவன் முன்னிலையில். மண்ணுருண்டை கூனிற் பட்ட அக்கணத்தில் அருகிருந்தவருள் ஒருவரேனும் சிரியாதிருந்திருப்பின், அயோத்தியின் கதை வேறாக அமைந்திருக்கலாம்.